பனிக்குள் போன தட்சிண் கங்கோத்ரி

நெய்வேலியில் புதைந்ததைத் தோண்டி எடுப்பதுதான் பிழைப்பு. கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் மண்ணுக்குள் போன மரமும் செடியும்தான் இன்று மைன்ஸில் பழுப்பு நிலக்கரியாக வெட்டப்படுகின்றன. இதற்கு நேர் எதிரான கதை ஒன்று உலகத்தின் தென்கோடியில் இருக்கிறது. அங்கே இந்தியா கட்டிய முதல் ஆய்வு நிலையம் ஆறே வருஷத்தில் புதையத் தொடங்கிவிட்டது!

அதன் பெயர் தட்சிண் கங்கோத்ரி. 1982 ஜனவரியில் முதல் இந்தியக் குழு அண்டார்டிகாவில் கால் வைத்தது. 1983-84இல் போன மூன்றாவது குழு இந்த நிலையத்தைக் கட்டி முடித்தது. அந்தக் குளிர்காலத்தை 12 பேர் அங்கேயே தங்கிக் கழித்தார்கள்.

சிக்கல் என்னவென்றால், நிலையம் நின்றது பாறைமீது அல்ல, கடல்மேல் நீண்டிருக்கும் பனித்தட்டின்மீது. அங்கே விழும் பனி முழுதாக உருகுவதில்லை. வருஷா வருஷம் அடுக்கடுக்காகச் சேரும். போதாக்குறைக்கு, காற்று அடித்து வரும் பனியைக் கட்டடமே தடுத்து நிறுத்தித் தன்னைச் சுற்றிக் குவித்துக்கொள்ளும். 1990இல் நிலையத்தைக் கைவிட வேண்டியதாயிற்று. சிறிது காலம் சாமான் வைக்கும் இடமாக மட்டும் பயன்பட்டது.

பாடம் வீண்போகவில்லை. 1989இல் வந்த மைத்ரி, ஷிர்மாக்கர் என்ற பனியில்லாப் பாறை நிலத்தில் நிற்கிறது. 2012இல் திறந்த பாரதி நிலையம் 134 கப்பல் கன்டெய்னர்களை அடுக்கிக் கட்டியது. தூண்களின்மேல் நிற்பதால் காற்றும் பனியும் அடியில் புகுந்து போய்விடும்.

அண்டார்டிகாவிலும் நிலக்கரி உண்டு. ஆனால் 1991இல் கையெழுத்தாகி 1998இல் நடைமுறைக்கு வந்த மாட்ரிட் ஒப்பந்தம் அங்கே சுரங்கம் தோண்டுவதைத் தடை செய்கிறது. ஆராய்ச்சிக்கு மட்டும் அனுமதி. கைவிட்ட இடத்தைப் பயன்படுத்தியவரே சுத்தம் செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. எடுப்பதால் கேடு அதிகம் என்றால் விட்டுவிடலாம். இந்தியாவும் 2022இல் இதற்கென்று தனிச் சட்டம் போட்டது.

யாருமே குடியிராத நிலத்துக்கு இவ்வளவு கட்டுப்பாடு! நெய்வேலியில் மைன்ஸுக்காக ஊரைக் காலி செய்துகொண்டு போனவர்கள் இருக்கிறார்கள். தோண்டிய குழியை மண் போட்டு மூடி மரம் நடலாம், நடுகிறார்கள். ஆனால் அங்கே இருந்த தெருவும் கோயிலும் திரும்ப வருமா? ஆளில்லாத பனிக்கு யோசித்ததைப் போல, ஆள் வாழும் மண்ணுக்கும் முன்கூட்டியே யோசித்தால் என்ன?