மெலிந்த உடலும் தோள்மேல் பாரமும்

உணவைக் கட்டுப்படுத்தி 16 கிலோ குறைத்த ஒருவர், முன்பு சுமந்த அதே 120 கிலோ பளுத்தண்டைத் தோளில் ஏற்றிப் பஸ்கி செய்ய முனைகிறார். உடல் முன்னே சாய்கிறது, குதிகால் மேலெழுகிறது. வலிமை போயிற்றே என்று கலங்குகிறார். போனது வலிமை மட்டுமன்று, பெரும்பாலும் சமநிலையே.

92 கிலோ உடலோடு அவர் நின்றபோது, உடலும் பளுவும் சேர்ந்த மொத்தத்தில் பளுவின் பங்கு 57 விழுக்காடு. உடல் 76 கிலோவானதும் அது 61 ஆகிவிட்டது. பின்னே தள்ளிய இடுப்பு முன்போல் எதிர்ப்பாரமாக நிற்பதில்லை. தண்டு நடுப்பாதத்திற்கு நேர்மேலிருந்து சற்றே விலகினாலும் ஆளை இழுத்துச் செல்கிறது. குந்தும்போது தொடைமேல் தங்கி முட்டுக் கொடுத்த வயிறும் இன்றில்லை. இடைவாரோ பழைய துளையிலேயே கிடக்கிறது! இதைக் கவனிப்போர் சிலரே.

மெலிந்த உடலுக்குப் பெரும்பளு ஆகாது என்பாருமுளர். 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் சிங்கப்பூருக்கு முதற்பதக்கம் ஈட்டிய டான் ஹாவ் லியாங், 67.5 கிலோ எடைப்பிரிவினர் என்பதை அவர்கள் மறந்தனர் போலும்.

செய்யத்தக்கது, பளுவை 90 கிலோவாக இறக்குவதே. இருபுறமும் தாங்குகம்பிகளை அமைத்துக்கொண்டு, மூச்சை நிறைத்து வயிற்றை வாரின்மேல் அழுத்தி, மெல்லக் குந்தவேண்டும். அடிநிலையில் மூன்று நொடி நிற்கையில் பெருவிரலடி, சிறுவிரலடி, குதிகால் மூன்றும் தரையைப் பற்றியிருத்தல் வேண்டும். மெத்தென்ற காலணி வேண்டா. முதுகெலும்பு நோகாமல் இவ்வாறு ஆடாது எழ முடிந்தபின், வாரந்தோறும் இரண்டரைக் கிலோ கூட்டலாம்.