ராயக்கோட்டை: ஈக்கு வரப்பு தெரியாது

கிருஷ்ணகிரி மாவட்டம் ராயக்கோட்டையில், கோட்டை மலையைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் தக்காளிதான். அடுத்த கொல்லையில் சாமந்தி, வரப்போரம் ஆமணக்கு, நடுவில் காராமணி. விவசாயிக்கு இவை நாலு வகை வருமானம். இலைத் துளைப்பான் ஈக்கோ வருடம் முழுக்க ஓயாத பந்தி. இந்த நான்குமே அதற்குப் பிடித்த பயிர்கள்.

இது நம் ஊர்ப் பூச்சி அல்ல. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. இந்தியாவில் தென்பட்டது 1990-ஐ ஒட்டித்தான். கறுப்பும் மஞ்சளுமாக, 2 மி.மீ. அளவே இருக்கும். பெண் ஈ இலையைக் குத்திச் சாறு குடிக்கும். சில துளைகளில் முட்டை வைக்கும். 2 முதல் 4 நாளில் பொரிக்கும் புழு, இலையின் மேல்தோலுக்கும் அடித்தோலுக்கும் நடுவே தின்றுகொண்டே போகும். பாம்பு ஊர்ந்தது போன்ற வெள்ளைக் கோடு அதனால்தான் விழுகிறது. புழு பெருக்கப் பெருக்கக் கோடும் அகலமாகும். ஒரு வாரத்துக்குள் இலையைக் கிழித்துக்கொண்டு மண்ணில் விழுந்து கூட்டுப்புழு ஆகிவிடும். சுமார் 3 வாரத்தில் அடுத்த தலைமுறை தயார்.

அங்கே ஒரு தக்காளிக் கொல்லை. நட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. கீழ் இலைகளில் எல்லாம் கோடு. அதே வாரத்தில் இரண்டாவது முறையாக மருந்தடிக்க, கணவர் ஸ்பிரேயரைத் தோளில் மாட்டினார். மனைவி ஓர் இலையைக் கிள்ளி வெயிலுக்கு நேரே பிடித்தார். கோட்டின் அகன்ற முனையில் பிறை போல ஒரு கிழிசல் மட்டுமே இருந்தது.

“ஏங்க, புழு எப்பவோ இறங்கிப் போயிருச்சு. காலி வீட்டுக்கா மருந்தடிக்கிறீங்க?”

நியாயமான கேள்வி. மருந்தடித்தாலும் கோடு மறையாது. இலைக்குள் இருக்கும் புழுவைத் தேடிப்பிடித்து முட்டை வைக்கும் நுண்ணிய குளவிகள் உண்டு. கடும் மருந்து அடிக்கடி அடித்தால் முதலில் சாவது அவைதான். குளவி குறைந்தால் ஈ பெருகும். மருந்துச் செலவும் பெருகும்.

ஸ்பிரேயர் கீழே இறங்கியது. கோடு விழுந்த கீழ் இலைகளை இருவரும் பறித்துச் சாக்கில் கட்டி அப்புறப்படுத்தினார்கள். மஞ்சள் ஒட்டும் அட்டைகளைக் கட்டினார்கள். புதுக் கோட்டில் உயிருள்ள புழு தெரிந்தால் மட்டும் 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு, அதாவது 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ கொட்டைப்பருப்பு, என்று முடிவானது.

பக்கத்துக் கொல்லையில் காய்ப்பு முடிந்த தக்காளி இன்னும் பிடுங்கப்படாமல் நிற்கிறது. இனி அங்கேயும் போய்ப் பேச வேண்டும். வரப்பு மனிதர்களுக்குத்தான்; ஈக்கு இல்லை.