ஐந்தடி யாருடையது?

ஜோகூர் பாருவின் பழைய கடைவீதிகளில், கடைவாசலுக்கும் சாலைக்கும் இடையே மாடியின் நிழலில் செல்லும் நடைவழியை நம்மவர் ஐந்தடி என்பர். மலாய்க்காரர் காக்கி லீமா என்பதும் அப்பொருளிலேயே. தோட்டத்திலிருந்து சாமான் வாங்க வருவோருக்கு வெயிலிலும் மழையிலும் அதைவிடப் பேருபகாரம் வேறில்லை. ஆயினும், அது நடக்கத்தக்க வழியாக இருக்கிறதா?

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறன்று, எழுபது வயது கடந்த நம் அன்னையாரை அழைத்துக்கொண்டு, ராஜமாரியம்மன் ஆலயம் அமைந்த ஜாலான் உங்கு புவான் பக்கம் சென்றோம். ஒரு கடையின் முன் அரிசி மூட்டைகள்; அடுத்ததன் முன் மோட்டார் சைக்கிள்; அதற்கும் அடுத்ததன் தளமோ ஒரு சாண் உயரம். அன்னையார் வேறு வழியின்றிச் சாலையில் இறங்கினார். ஒரு வண்டி உரசினாற்போல் கடந்தது. அவர் தடுமாறி விழுந்தார். முழங்காலைத் துடைத்துக்கொண்டே, "ஏம்பா, அது நடக்கிற இடந்தானே?" என்று கேட்டார்.

அக்கேள்வி கடைக்காரரைவிட நம்மையே அதிகமாய்ச் சுட்டது. வாலிபத்தில் ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுதிய காலத்தில், மூட்டைகளை ஐந்தடியில் அடுக்கச் சொன்னவர் நாமேயன்றோ!

இவ்வழி தானாகத் தோன்றியதன்று. 1822-இல் ராபிள்ஸ் சிங்கப்பூர் நகரமைப்புக்கு விதித்த கட்டளையில், ஒவ்வொரு வீட்டின் முன்னும் குறித்த அகலமுள்ள தாழ்வாரம் எந்நேரமும் திறந்து, வீதியின் இருமருங்கும் தொடர்ந்து செல்லவேண்டும் என்றார். அம்முறை தீபகற்பத்தின் பட்டணங்களிலும் பரவிற்று. இடம் கடைக்காரருடையதாயினும் வழி எல்லாருடையதும் என்பதே அதன் தத்துவம். 1888-இல் சிங்கப்பூர் நகராண்மையார் ஐந்தடிச் சரக்குகளைப் பலவந்தமாக அகற்ற முற்பட்டபோது கலகமே மூண்டது. இன்று மலேசியாவில் 1974-ஆம் ஆண்டின் தெரு, வடிகால், கட்டடச் சட்டம் இருக்கிறது. ஆனால் சட்டம் மட்டும் வழியைத் திறந்து வைத்துவிடாது. கடைக்காரர் மனமும் இசைய வேண்டும்.

செய்யவேண்டியவை அரியனவல்ல. பக்கத்துக் கடைகளின் தளங்கள் ஒரே மட்டமாகட்டும். இயலாத இடத்தில் படிக்குப் பதிலாகச் சரிவு அமையட்டும். சாக்கடைக்கு உறுதியான மூடியும், இரவில் விளக்கும் வேண்டும். சுவரோரம் ஒரு கோடு கிழித்து, சரக்கு அதற்குள் நிற்கட்டும். இருவர் எதிரெதிரே வந்தாலும் இடிக்காமல் கடக்க இடம் எஞ்சட்டும். இதனால் வியாபாரத்துக்கு நஷ்டமில்லை. அஞ்சி விரைபவர் எதையும் வாங்குவதில்லை. நிழலில் நிதானமாய் நடப்பவரே நின்று பார்ப்பார், விலை கேட்பார், வாங்குவார்.

நம் அன்னையார் இப்பொழுது பட்டணத்துக்கு வர மறுக்கிறார். கடைக்கார நண்பர்களே! நாளைக் காலை கதவு திறக்கும்போது ஒரு மூட்டையை உள்ளே நகர்த்துங்கள். அவ்விடத்தில் எவருடைய அன்னையோ நடந்து செல்வார்.