வளர்த்துக் கொடுக்க ஒரு நாய்க்குட்டி

அமெரிக்காவில் நியூஜெர்ஸி மாநிலத்தில் மாரிஸ்டவுன் என்று ஒரு ஊர். பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்கித் தரும் 'தி ஸீயிங் ஐ' அமைப்பு அங்கேதான் இருக்கிறது. 1929-ல் ஆரம்பித்தது. ஏழெட்டு வாரக் குட்டிகளை அங்கிருந்து வாங்கிப்போய், ஒரு வயது தாண்டும்வரை வீட்டில் வைத்து வளர்த்துக் கொடுப்பவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இதில் உண்டு!

வழிகாட்டுவதை இவர்கள் சொல்லித் தருவதில்லை. அது பிற்பாடு பயிற்சியாளர் பாடு, சுமார் நான்கு மாதம். இவர்கள் வேலை, குட்டி வீட்டுக்குள் அசிங்கம் பண்ணாமல், பஸ் சத்தத்துக்கு மிரளாமல் இருக்கப் பழக்குவது. கூடவே பாசம். பாசம் என்ன பாடமா என்று கேட்காதீர்கள். கார் வரும்போது எஜமானர் 'போ' என்று சொன்னாலும் இந்த நாய் நகராமல் நிற்கவேண்டும். அடிக்குப் பயந்து வளர்ந்த நாய்க்கு அந்தத் துணிச்சல் வராது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ராத்திரி அழுததைச் சமாதானப்படுத்தி, செருப்பைக் கடித்ததைப் பொறுத்துக்கொண்டு, கடைசியில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். "எப்படித்தான் மனசு வருதோ" என்பார்கள். மனசு வந்தா கொடுக்கிறார்கள்? அளந்து பாசம் வைத்தால் குட்டி வீணாகிவிடும், முழுசாக வைத்தால் இவர்களுக்குத்தான் வலி. தெரிந்தேதான் வைக்கிறார்கள்.

பயிற்சியில் தேறாத நாயை, வேண்டுமா என்று முதலில் வளர்த்தவரிடம்தான் கேட்பார்கள். நாய் தேறினால் யாரோ ஒருவர் தனியாகத் தெருவில் இறங்கி நடப்பார். அது நன்றாகத் தெரிந்திருந்தும், தேறக்கூடாது என்று ஒரு நிமிஷமாவது வேண்டிக்கொள்ளாத பிள்ளை இருக்குமா என்ன?