கலியாணமும் காகிதமும்

இரயில் நிலையத்துப் பார்சல் அலுவலகத்தில் ஒரு கூடை வெற்றிலையைக்கூட ரசீது இன்றி ஏற்பதில்லை. எடை என்ன, அனுப்புபவர் யார், பெறுபவர் யார், வழியில் சேதமுற்றால் பொறுப்பு எவருடையது என்பன யாவும் பதிவான பின்னரே சரக்கு வண்டியேறும். "எங்களை நம்பவில்லையா?" என்று எந்த வியாபாரியும் அதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை. பாலக்காட்டில் அமர்ந்து இத்தொழிலையே செய்துவரும் நமது வீட்டிலிருந்துதான், 2007-ஆம் ஆண்டில் 25 சவரன் நகை எவ்விதச் சீட்டும் இன்றி மலையேறிப் போயிற்று. அதனால் நேர்ந்ததையும், பின்னர் நாம் கற்றதையும் சங்கத்து அன்பர்களுக்கு உரைப்பது கடமை எனக் கருதி இதனை எழுதுகின்றோம்.

நமது தமக்கையை இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு நடுவே கடை வைத்திருந்த ஒரு குடும்பத்தில் கொடுத்தோம். தந்தையார் காலமாகி ஈராண்டு ஆகியிருந்தது. அவருடைய சேமநிதிப் பணத்தில் அன்னையார் நகை செய்து பூட்டினார். அவர்களும் வாய்விட்டு ஒன்றும் கேட்கவில்லை; நாமும் ஒன்றும் எழுதிக்கொள்ளவில்லை. ஓராண்டுக்குள் அந்நகைகள் கடைக்காக அடகுக்குப் போயின, மீளவேயில்லை. 2013-இல் தமக்கை ஐந்து வயதுப் பிள்ளையைக் கைப்பிடித்துக்கொண்டு பிறந்தகம் திரும்பினார். வழக்கறிஞர் கேட்ட முதற்கேள்வி, "என்னென்ன நகைகள், எவர் கையில் கொடுக்கப்பட்டன?" என்பதே. நகைக்கடைச் சிட்டைகள் வெள்ளையடித்தபோது குப்பையோடு போய்விட்டன. எஞ்சியிருந்தது கலியாணப் புகைப்படம் ஒன்றே. அதிலும் இரண்டு சங்கிலிகளை மாலை மறைத்திருந்தது! இருப்புப்பாதை இல்லாத அம்மலை மாவட்டத்திற்கு விடுப்பெடுத்துக்கொண்டு ஆறு முறை சென்று, பெரியோர் முன்னிலையில் பேசி, பாதி மதிப்புக்கும் குறைவான தொகைக்கு உடன்பட்டு மீண்டோம்.

இந்தப் பழைய புண் ஆறுமுன்னரே 2024-இல் தங்கைக்கு வரன் அமைந்தது. இலண்டனில் பணிபுரியும் நமது மாமன் மகன், "திருமணத்திற்கு முன்னரே ஓர் ஒப்பந்தம் எழுதிவிடுங்கள், பிரிய நேர்ந்தால் எவருக்கு எது என்று அதிலேயே இருக்கட்டும். இங்கெல்லாம் அப்படித்தான்" என்று தொலைபேசியில் யோசனை கூறினார். நமக்கும் அது நன்றெனத் தோன்றவே, 1,000 ரூபாய் கட்டணம் செலுத்தி வழக்கறிஞர் ஒருவரை அணுகினோம்.

அவர் கூறியவற்றின் சாரம் இது. இங்கிலாந்திலும் அத்தகைய ஒப்பந்தம் நீதிமன்றத்தை முற்றிலும் கட்டுப்படுத்துவதன்று. இருவரும் விளைவை உணர்ந்து தாமே விரும்பிச் செய்ததாயின், அநீதி விளையாத வரையில் அதற்கு மதிப்பளிக்க வேண்டும் என்று 2010-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் நாட்டில் கோவாவில், போர்த்துக்கீசியரின் 1867-ஆம் ஆண்டுச் சிவில் சட்டத்தின் வழியே, மணத்திற்கு முன் முறைப்படி பத்திரம் எழுதிச் சொத்துரிமையை வகுத்துக்கொள்ளலாம். இசுலாமியர் திருமணமோ ஓர் ஒப்பந்தமே. மணமகன் அளிக்க இசையும் மஹர் அதில் ஓர் அங்கம்.

இந்துக்களின் நிலை வேறு. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி, பொதுநலக் கொள்கைக்கு மாறான ஒப்பந்தம் செல்லாது. மணமகன் என்றென்றும் மாமியார் வீட்டிலேயே வசிப்பான் என்று திருமணத்திற்கு முன் எழுதிய உடன்படிக்கை ஒன்று கல்கத்தா உயர்நீதிமன்றத்திற்கு வந்தது. 'வீட்டோடு மாப்பிள்ளை'யாக வைக்கும் அவ்வுடன்படிக்கை செல்லாது என்று 1901-இலேயே தீர்ப்பாயிற்று. "பிரிந்தால் ஜீவனாம்சம் கேட்கமாட்டேன்" என்று பெண்ணிடம் எழுதி வாங்குவதும் பயன் தராது. வரதட்சிணை கொடுப்பதாகவோ வாங்குவதாகவோ எழுதும் ஒப்பந்தமோ, 1961-ஆம் ஆண்டு வரதட்சிணைத் தடைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவினால் அடியோடு செல்லாததாகும்; குற்றத்திற்குச் சாட்சியாகவும் நிற்கும்.

"அப்படியாயின் எமக்கு வழியே இல்லையா?" என்றோம். அவர் நகைத்து, "சட்டமே எழுதச் சொல்லும் காகிதம் ஒன்று இருக்கிறது; அதைத்தான் எவரும் எழுதுவதில்லை" என்றார்.

1985-ஆம் ஆண்டு விதிகள் கூறும் அன்பளிப்புப் பட்டியலே அது. மணமகள் பெற்றவற்றுக்கு ஒன்று, மணமகன் பெற்றவற்றுக்கு ஒன்று என இரண்டு பட்டியல்கள். ஒவ்வொரு பொருளின் சுருக்கமான விவரம், ஏறத்தாழ மதிப்பு, கொடுத்தவர் பெயர், அவர் உறவினராயின் உறவுமுறை ஆகியவற்றைத் திருமணத்தின்போதோ, இயன்ற விரைவில் அதன் பின்னரோ எழுதி, மணமக்கள் இருவரும் கையொப்பமிட வேண்டும். இதற்கு முத்திரைத்தாள் வேண்டும் என்று அவ்விதிகள் சொல்லவில்லை. ஆனால் ஒன்று: கேட்டு வாங்கியதைப் பட்டியலில் எழுதிவிட்டால் அது அன்பளிப்பாகிவிடாது. கேளாமல், வழக்கப்படி, கொடுப்பவர் தகுதிக்கு மிகாமல் தருவதற்கே இது பொருந்தும்.

ஸ்ரீதனம் மனைவிக்கே முழுவுரிமை என்பதை உச்சநீதிமன்றம் 1985-இலேயே உறுதி செய்திருக்கிறது. உரிமை இருப்பது வேறு, அதனை மெய்ப்பிப்பது வேறு. கேரளத்தில் 2003-இல் மணமான ஒரு பெண்மணி, தம் 89 சவரன் நகையைக் கணவர் வீட்டார் வாங்கிவைத்து இழந்துவிட்டதாக வழக்குத் தொடுத்தார். 2011-இல் குடும்ப நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 2022-இல் உயர்நீதிமன்றம், போதிய நிரூபணம் இல்லை என்று அதனை மாற்றியது. 2024 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் அவருக்கு 25 இலட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. நீதி கிடைத்தது, ஆயினும் மணநாளிலிருந்து ஏறத்தாழ இருபத்தோர் ஆண்டுகள் கழிந்திருந்தன!

நிச்சயதார்த்தத்தன்று தாம்பூலம் மாற்றுமுன் இப்பேச்சை எடுத்தோம். கூடத்தில் ஓசை அடங்கிற்று. பிள்ளையின் பெரியப்பா, "கலியாணம் பேச வந்தோமா, கடன்பத்திரம் எழுத வந்தோமா?" என்று எழுந்துவிட்டார். அன்னையார் கண்கலங்கி, "வேண்டாம்டா, விட்டுவிடு" என்றார். நமக்கும் நா வறண்டது. அப்போது சமையற்கட்டு வாயிலில் நின்ற தமக்கை முன்வந்து, "மாமா, எங்கள் வீட்டில் ஒருமுறை எழுதாமல் கொடுத்தோம். அன்று யார் சொன்னது மெய், யார் சொன்னது பொய் என்று இன்றுவரை ஊருக்குத் தெரியாது. எழுதியிருந்தால் அவர்களுக்கும் பழி வந்திராது" என்றார்.

பிள்ளையின் தந்தையார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியென்றால் எங்கள் பக்கத்துக்கும் ஒன்று எழுதுங்கள், நாங்கள் போடும் தாலிக்கொடியும் அவளுடைய பட்டியலில் ஏறட்டும்" என்றார். ஆவணியில் திருமணம் நடந்தது. அன்று மாலையே, தமக்கை தம் கைப்பட எழுதிய இரு பட்டியல்களிலும் மணமக்கள் கையொப்பமிட்டனர். படி எடுத்து வீட்டுக்கு ஒன்றாக வைத்துக்கொண்டோம். பெரியப்பா திருமணத்திற்கு வரவில்லை. இன்றும் நம்மோடு அவர் பேசுவதில்லை.

இக்காகிதத்திற்கு ஆன செலவு என்னவென்று கேட்கும் அன்பர்களுக்குச் சொல்லுகின்றோம். வழக்கறிஞருக்கு 1,000 ரூபாய். தாளுக்கும் படியெடுப்புக்கும் சில ரூபாய். கூடத்தில் ஒரு நாழிகைச் சங்கடம். ஓர் உறவினரின் மனவருத்தம். எழுதாமையால் ஆன செலவையும் மேலே கூறிவிட்டோம். இவ்விரண்டையும் நிறுத்துப் பார்க்க நம்மவருக்குப் பிறர் சொல்லித்தர வேண்டுவதில்லை. ஊர்விட்டு ஊர் வந்து பிழைக்கும் நமக்கு, பஞ்சாயத்துச் சொல்லப் பங்காளிகள் அருகில் இல்லை. நாளை சாட்சி கூற அண்டை வீட்டாரும் மாற்றலாகிப் போய்விடுவர். தாளில் எழுதியதே நம்மோடு நிற்கும்.

பட்டியல் எழுதியதனால் அன்பு வளராது; எழுதாததனாலும் வளராது. அது மணமக்களின் பொறுப்பு. பெண்ணின் உடைமையைப் பெண்ணின் உடைமை என்று எழுதிவைப்பது மட்டுமே நம் பொறுப்பு. அதனையேனும் செய்வோமாக.