மாமாவுக்கு ஒரு வக்கீல் தேடியபோது

பத்து வருடமாகக் களத்தில் இருக்கிறேன். வன்கொடுமை வழக்கு என்றால் எந்த வக்கீலைக் கூப்பிட வேண்டும் என்பது எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். ராத்திரி பதினொரு மணிக்கு அழைத்தாலும் எடுக்கும் நான்கு பேரின் எண்கள் போனில் இருக்கின்றன. ஆனால் போன ஜனவரியில் அக்கா வீட்டு கேட்டில் வங்கிக்காரர்கள் சுவாதீன அறிவிப்பை ஒட்டிவிட்டுப் போன அன்று, அந்தப் போனை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். வங்கி வழக்கு பார்க்கிற ஒரு பெயர்கூட அதில் இல்லை.

அக்கா வீட்டுக்காரர், எங்கள் மாமா, ஆம்பூரில் ஷூ அப்பர் தைக்கும் யூனிட் வைத்திருக்கிறார். பதினாறு வயதில் மெஷினில் உட்கார்ந்தவர். ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க். இருபத்திரண்டு மெஷின், முப்பது பெண்கள், பெரும்பாலும் எங்கள் காலனியிலிருந்தும் பக்கத்துக் காலனியிலிருந்தும் வருகிறவர்கள். 2019இல் வங்கிக் கடன் வாங்கினார். அக்கா பெயரில் இருந்த வீட்டை அடமானம் வைத்தார்கள். எங்கள் குடும்பத்தில் காலனிக்கு வெளியே முதன்முதலில் கட்டிய வீடு அது. அடுத்த வருடம் கொரோனா. அதற்கப்புறம் ஒரு கம்பெனி பதினொரு லட்ச ரூபாய் கூலியை இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தது. தவணை நின்றது, கணக்கு வாராக்கடன் ஆனது. 2024 அக்டோபரில் சர்ஃபேசி சட்டத்தின் 13(2) நோட்டீஸ் வந்தபோது வட்டியோடு 38 லட்சம் என்று போட்டிருந்தார்கள்.

அப்போதே என்னிடம் சொல்லியிருந்தால் என்று இப்போது நினைக்கிறேன். மாமா சொல்லவில்லை. கடன் வாங்கும்போது ஊருக்கே லட்டு கொடுத்தவருக்கு, கட்ட முடியவில்லை என்பதைக் கொழுந்தியாளிடம் சொல்ல வாய் வரவில்லை. தெரிந்த வக்கீல் ஒருவரிடம் போயிருக்கிறார். நம்ம ஆள்தான். தாலுகா கோர்ட்டில் அடிதடி, ஜாமீன், பாகப்பிரிவினை எல்லாம் பார்ப்பவர். அவர் பதினைந்தாயிரம் வாங்கிக்கொண்டு வங்கிக்குத் தடை கேட்டு முன்சீப் கோர்ட்டில் ஒரு சிவில் வழக்குப் போட்டார். சர்ஃபேசி நடவடிக்கையில் சிவில் கோர்ட் தலையிட முடியாது என்று அந்தச் சட்டத்தின் 34ஆம் பிரிவு சொல்கிறது. வங்கித் தரப்பு அதைக் காட்டியது, தடை கிடைக்கவில்லை. இதற்கிடையில் நோட்டீஸுக்குப் பதில் கொடுக்க வேண்டிய 60 நாளும் போய்விட்டது. அந்தப் பதிலை எழுதியிருந்தால், ஏற்கவில்லை என்றாலும் காரணம் சொல்லி 15 நாளுக்குள் வங்கி மறுபதில் எழுத வேண்டும். அந்தக் காகிதமே பின்னால் வழக்குக்கு ஒரு பிடியாக இருந்திருக்கும்.

அந்த வக்கீலை நான் மோசக்காரர் என்று சொல்ல மாட்டேன். அவருக்கு அந்தச் சட்டம் தெரியாது, தெரியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை. ஆனால் வேறு வக்கீலிடம் போகிறோம் என்றதும், பாக்கிப் பணம் வந்தால்தான் கட்டைத் தருவேன் என்றார். கட்டணப் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் காகிதங்களைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000த்திலேயே சொல்லிவிட்டது. நான் போய் உட்கார்ந்து அதைச் சொன்ன பிறகு கொடுத்தார்.

கேட்டில் ஒட்டிய நாளிலிருந்து 45 நாள். அதற்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில், எல்லோரும் டி.ஆர்.டி. என்று சொல்கிற இடத்தில், 17ஆம் பிரிவின்படி மனுப் போட வேண்டும். தமிழ்நாட்டில் அது சென்னை, கோவை, மதுரையில் மட்டும்தான் இருக்கிறது. இந்த விவரமே எனக்குத் தெரிய ஒரு வாரம் ஆனது.

அந்த வாரத்தில் யோசனைகளுக்குக் குறைவில்லை. தோழர்கள், “மேனேஜர் மேல பி.சி.ஆர். போடு” என்றார்கள். காரணம் இல்லாமல் இல்லை. “உங்களுக்கெல்லாம் கடன் கொடுத்தா இப்படித்தான்” என்று அவர் தன் அறையில் வைத்து மாமாவிடம் சொல்லியிருக்கிறார். அந்த வார்த்தை எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் அறைக்குள் வேறு யாரும் இல்லாதபோது சொன்னது. பொதுப் பார்வையில் நடந்திருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கிறது. அதுவும் போகட்டும், அந்தப் புகார் நின்றாலும் வீட்டு ஏலம் நிற்காது. இரண்டையும் போட்டுக் குழப்பினால் இரண்டிலும் தோற்போம் என்று சொன்னேன். ஒரு தோழருக்கு என் மேல் வருத்தம்தான்.

இன்னொரு வக்கீல், “மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துடலாம், அறுபதாயிரத்துல முடிச்சுடறேன்” என்றார். மாமா கிட்டத்தட்ட சரி என்று சொல்லிவிட்டார். எங்கள் பக்கம் ஐ.பி. கொடுப்பது என்பது எல்லாக் கடனையும் ஒரே நாளில் கழுவிவிடும் மந்திரம் மாதிரிப் பேசப்படுகிறது. உண்மை அது இல்லை. 2016இல் வந்த புதிய திவால் சட்டம் கம்பெனிகளுக்கும் அவற்றுக்குப் பிணை நின்றவர்களுக்கும்தான் நடைமுறையில் இருக்கிறது. தனி உரிமையாளராகத் தொழில் செய்யும் மாமா மாதிரியான ஆளுக்கு இன்னும் 1920ஆம் வருடத்து மாகாணத் திவால் சட்டம்தான். அந்தச் சட்டத்திலும் அடமானம் பிடித்தவரின் உரிமை அப்படியே இருக்கும். திவால் என்று அறிவித்த பிறகும் வங்கி வீட்டை விற்கலாம். வீடும் போய், திவாலானவன் என்ற பெயரும் வந்து, விடுவிப்பு உத்தரவு வாங்கும்வரை உள்ளாட்சித் தேர்தலில் நிற்கும் தகுதியும் போகும். இதில் எதையும் அவர் மாமாவிடம் சொல்லவில்லை. மூன்றாவதாக ஒருவர் போனிலேயே, வங்கியிடம் எவ்வளவு குறைத்து வாங்கித் தருகிறேனோ அதில் முப்பது சதவீதம் எனக்கு என்றார். வழக்கின் முடிவில் பங்கு பேசுவது வக்கீலுக்குத் தடை. அவரிடம் மேலே பேசவில்லை.

இலவச சட்ட உதவியை மறந்துவிடவில்லை. 1987ஆம் வருடச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பட்டியல் சாதியினருக்கு வருமான வரம்பே இல்லாமல் அந்த உரிமை இருக்கிறது. நம் ஆட்களிலேயே பலருக்கு இது தெரியாது. நான் கேட்ட இடத்தில் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் பட்டியலில் உள்ள வக்கீல்களில் டி.ஆர்.டி. பார்ப்பவர் இல்லை என்றார்கள். நாள் இருந்திருந்தால் சென்னையில் கேட்டு அலைந்திருப்பேன்.

எம்.ஏ. சமூகவியலில் சமூக மூலதனம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். அது என்னவென்று அந்த வாரம்தான் விளங்கியது. வக்கீல் விளம்பரம் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. அப்படியென்றால் நல்ல வக்கீலைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, தெரிந்தவரைக் கேட்பது. தெரிந்தவர் யார் என்பதைச் சாதி முடிவு செய்துவைத்திருக்கிறது. தலைமுறையாக வியாபாரம் செய்கிற சாதியில் ஒரு பையனுக்கு இந்த நோட்டீஸ் வந்தால், சித்தப்பாவின் ஆடிட்டர் அன்று சாயங்காலமே ஒரு பெயரைச் சொல்லிவிடுவார். நமக்கு அரசு கடன் தருகிறது. பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் 10 லட்சம் முதல் ஒரு கோடி வரை கடன் என்று 2016இல் ஒன்றிய அரசு திட்டம் கொண்டுவந்தது. 2023இல் மாநில அரசு அண்ணல் பெயரில் 35 சதவீத மூலதன மானியத்தோடு திட்டம் கொண்டுவந்தது. வரவேற்க வேண்டியவைதான். அந்தச் சித்தப்பாவின் ஆடிட்டரை எந்தத் திட்டமும் தருவதில்லை. இயக்கமாக நாமும் அடிபட்டவனுக்காக வக்கீல்களை உருவாக்கினோம், கடன்பட்டவனுக்காக உருவாக்கவில்லை.

பாபாசாகேப் பம்பாயில் வக்கீல் தொழில் தொடங்கியபோது சாதிக்காக சொலிசிட்டர்கள் அவருக்கு வழக்குக் கொடுக்காமல் ஒதுக்கினார்கள். பிழைப்புக்காக 1925 முதல் 1928 வரை ஒரு கணக்கியல் பயிற்சி நிறுவனத்தில் வணிகச் சட்டம் கற்பித்தார். சிலையில் அவர் கையில் அரசமைப்புச் சட்டத்தைப் பார்த்துப் பழகிவிட்ட நமக்கு அவருடைய இந்த வேலை நினைவுக்கு வருவதே இல்லை.

எண் இல்லாததால் நேரிலேயே போனேன். மாமாவைக் கூட்டிக்கொண்டு காலை ரயில் பிடித்து, இரண்டு நாள் டி.ஆர்.டி. ஹாலில் பின்வரிசையில் உட்கார்ந்தேன். யார் எழுந்தால் தலைமை அதிகாரி காகிதத்திலிருந்து தலையைத் தூக்கிக் கேட்கிறார், யார் வழக்கு கூப்பிடும்போதெல்லாம் வாய்தா கேட்கிறார், யார் கட்டு தயாராக இருக்கிறது, யார் ஜூனியர் திருதிருவென முழிக்கிறார் என்று பார்த்தேன். கடன் வாங்கியவர் பக்கம் நின்று பேசியவர்களின் பெயர்களைக் குறித்துக்கொண்டேன். வெளியே டீ குடிக்கும்போது குமாஸ்தாக்களிடம் விசாரித்தேன். அவர்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. மூன்று பேரை நேரில் பார்த்தோம்.

முதலாமவர் பெரிய பெயர். ஆனால், “எந்த ஏரியா, ஊருக்குள்ளயா?” என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. மாமாவை ‘நீ’ என்றார். நோட்டீஸைப் பார்க்கக் கேட்கவே இல்லை. இரண்டாமவர் நன்றாகப் பேசினார், உட்கார வைத்து காபி கொடுத்தார். நீங்கள் இந்த வங்கியின் பேனலில் இருக்கிறீர்களா என்று நான் கேட்டதும் சிரித்தார். இருந்தார். கேட்காமல் விட்டிருந்தால் சொல்லியிருப்பாரா என்று தெரியாது.

மூன்றாவது ஒரு பெண். ஐம்பது வயது இருக்கும். “உக்காருங்க சார்” என்று மாமாவிடம் சொல்லிவிட்டு, கடன் அனுமதிக் கடிதம், கணக்கு விவரம், நோட்டீஸ் வந்த உறை, பேப்பரில் வந்த அறிவிப்பு எல்லாவற்றையும் கேட்டார். அரைமணி நேரம் பேசாமல் படித்தார். பிறகு எங்கள் பலவீனத்தை முதலில் சொன்னார்: “கடனை மறுக்க முடியாது. சிறு தொழில்களைக் காப்பாத்தறதுக்கு 2015லயே ஒரு நடைமுறை வந்திருக்கு, வங்கி அதைப் பின்பற்றணும்னு சுப்ரீம் கோர்ட் 2024ல சொல்லிச்சு. ஆனா கணக்கு வாராக்கடன் ஆகறதுக்கு முன்னாடி நீங்க எழுதிக் கேட்டிருக்கணும்னும் அதே தீர்ப்புல இருக்கு. கேட்டீங்களா?” மாமா தலையைக் குனிந்தார். “சரி, அதை நம்பிப் போக வேண்டாம்.” சுவாதீன அறிவிப்பை ஏழு நாளுக்குள் இரண்டு நாளிதழ்களில் போட வேண்டும், அதில் ஒன்று தமிழில் இருக்க வேண்டும், தமிழில் வந்தது தாமதம் என்று தேதியைத் தொட்டுக் காட்டினார். அந்தக் கம்பெனி தர வேண்டிய பதினொரு லட்சத்தைப் பற்றி அவரே கேட்டார். மாமா 2021இலேயே உத்யம் பதிவு வாங்கியிருந்தார். கூலி 45 நாளுக்குள் வரவில்லை என்றால் ரிசர்வ் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டியோடு கேட்கலாம், அதற்கென்று வசதியாக்கக் குழு இருக்கிறது என்றார். மாமா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை மறக்காது. கடன்காரனாக உள்ளே வந்தவர், தனக்கும் கடன் வர வேண்டியிருக்கிறது என்பதை அப்போதுதான் நினைத்துப் பார்த்தார்.

கட்டணம் எழுபத்தைந்தாயிரம், மூன்று கட்டமாக. காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். மனுவுக்கான கோர்ட் கட்டணம் தனி: பத்து லட்சம் வரை ஐயாயிரம், அதற்கு மேல் ஒவ்வொரு லட்சத்துக்கும் 250, ஆக எங்களுக்குப் பன்னிரண்டாயிரம். ஹாலுக்கு யார் வருவார்கள் என்று கேட்டேன். முக்கியமான வாதங்களுக்கு நான், மற்ற தேதிகளுக்கு ஜூனியர் என்றார். ஜெயிப்போமா என்று மாமா கேட்டதற்கு, “நேரம் வாங்கித் தர முடியும் சார். அந்த நேரத்துல பணம் பொரட்டறது உங்க வேலை” என்றார். ஏல அறிவிப்பு வெளியாகிவிட்டால் முழுப் பணத்தோடு போனாலும் வீட்டை மீட்கும் உரிமை போய்விடும், 2016 திருத்தத்தை வைத்து உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது என்றும் எச்சரித்தார்.

திரும்பும்போது ரயிலில் மாமா, “அந்தம்மா இன்னா ஆளுங்கன்னு கேட்டியா?” என்றார். கேட்கவில்லை. நம்மவர் என்றால் நன்றாகத்தான் இருக்கும், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அன்று என் கணக்கில் பதினாறு நாள்தான் மீதி இருந்தது.

அக்கா சீட்டு எடுத்த பணத்தில் மனுப் போட்டோம். எட்டு லட்சத்தை இரண்டு தவணையாகக் கட்டச் சொல்லி இடைக்காலத் தடை கிடைத்தது. முதல் தவணை கட்டியாகிவிட்டது. இரண்டாவது அடுத்த மாதம். அதற்கு இன்னும் ஒன்றே கால் லட்சம் குறைகிறது. வசதியாக்கக் குழுவில் போட்ட மனுவுக்கு அந்தக் கம்பெனி பதில் அனுப்பியிருக்கிறது, சரக்கில் குறை என்று. மாமா ராத்திரி ராத்திரியாகத் தகரப் பெட்டியைக் கவிழ்த்து, ஐந்து வருடத்து டெலிவரி சலான்களைத் தேதி வாரியாக அடுக்கிக்கொண்டிருக்கிறார்.

போன வாரம் பக்கத்துக் காலனியிலிருந்து ஒரு தம்பி வந்தான். டெம்போ வைத்திருக்கிறான், கொட்டகை போட அண்ணன் வீட்டை வைத்துக் கடன் வாங்கியிருக்கிறான். வங்கியிலிருந்து ரிஜிஸ்டர் தபால் வந்திருக்கிறதாம். “அக்கா, உங்களுக்குத் தெரிஞ்ச வக்கீல் யாராச்சும்...” என்று இழுத்தான். நம்பரை எடுப்பதற்கு முன்னால், தபாலை எப்போது கையெழுத்துப் போட்டு வாங்கினாய் என்று கேட்டேன். நாற்பது நாள் ஆயிற்று என்றான். அங்கேயே போனைப் போட்டேன்.