வைப்பாற்றங்கரையில் ஒரு மணற்காடு

"ஐயா, விளாத்திகுளம் பக்கம் வைப்பாற்றங்கரையில் எனக்கு மூன்று ஏக்கர் படுகை நிலம் இருக்கிறது. மேலே நாலு அடிக்கு மணல். உரம் போட்டாலும் நிற்பதில்லை, தண்ணீர் பாய்ச்சினாலும் நிற்பதில்லை. மணலை அள்ளிக்கொண்டு பணம் தருகிறேன் என்கிறார் ஒருவர். அது போனால் அடியில் நல்ல மண் கிடைக்குமாம். கொடுக்கலாமா?"

நமது கேள்வி-பதில் பகுதிக்கு வந்த கடிதம் இது. மண்ணைப் பார்க்காமல் இரண்டு வரியில் பதில் எழுத மனம் வரவில்லை. மாசிக் கடைசியில் சாத்தூரில் பஸ் ஏறினேன்.

சாத்தூர் என்றால் சேவும் வெள்ளரிப் பிஞ்சும் நினைவுக்கு வரும். ஊரைத் தாண்டிக் கிழக்கே போனால் இரண்டு பக்கமும் கரிசல்தான். அறுவடை முடிந்த மானாவாரி நிலங்கள் விரல் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடந்தன. இருக்கன்குடியில் அர்ச்சுனா ஆறு வந்து வைப்பாற்றோடு சேருகிறது. அம்மன் கோயில் இருப்பதும் அந்த இடத்தில்தான். அங்கிருந்து விளாத்திகுளம் வரை, கறுத்த பூமிக்கு நடுவே வெளுத்த துண்டை விரித்தது போல மணல் ஓடுகிறது. ஆண்டில் பெரும்பாலான நாள் தண்ணீர் ஓடாத ஆறு இது. ஐப்பசி, கார்த்திகையில் மழை கூடினால்தான் வெள்ளம் வரும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறை தேய்ந்து வந்த மணல்தான் இது. வெள்ளம் கரை புரளும்போது வேகம் குறைகிறது. கனமான மணல் கரையோரத்திலேயே இறங்கிவிடும். லேசான வண்டல் இன்னும் தள்ளிப் போய்ப் படியும். ஒவ்வொரு வெள்ளமும் ஒரு அடுக்கைப் போட்டுவிட்டுப் போகும். அதனால் படுகை நிலத்தை மேலே பார்த்து எடை போடக் கூடாது.

குழிக்குள் தெரிந்தது

கடிதம் எழுதிய அண்ணாச்சி நிலத்திலேயே காத்திருந்தார். "முதல்ல ஒரு குழி தோண்டிப் பார்ப்போம்" என்றேன். மண்வெட்டியும் கடப்பாரையும் வந்தன.

மேலே மூன்று அங்குலம் சுடுமணல். அதற்குக் கீழே கையை விட்டால் குளுமை. இரண்டு மாதமாக மழை இல்லாத நிலத்தில், ஓர் அடி ஆழத்து மணல் பிடித்தால் லேசாக ஒட்டியது. ஒன்றரை அடியில் இரண்டு விரல் கனத்துக்குச் சாம்பல் நிற வண்டல் அடுக்கு. பக்கத்து வேம்பின் சல்லி வேர் முழுக்க அந்த அடுக்கைப் பிடித்துக்கொண்டு படுக்கை வாட்டில் ஓடியது. பிறகு மறுபடியும் மணல், கொஞ்சம் நைசாக. நாலே கால் அடியில் கடப்பாரை 'ணங்' என்றது. சுக்கான்கல் கலந்த இறுகிய களி.

"அண்ணாச்சி, அடியில் நல்ல மண்ணுன்னு அவர் சொன்னது இதைத்தான்" என்றேன். அவர் ஒரு கட்டியை எடுத்து உடைக்கப் பார்த்தார். உடையவில்லை.

சிறு மழைக்கு மணல், பெருமழைக்குக் கரிசல்

மணல் தண்ணீரை வைத்துக்கொள்ளாது என்பது உண்மைதான். ஒரு மீட்டர் ஆழக் களிமண் பயிருக்குக் கொடுக்கக்கூடிய நீர் சுமார் 175 முதல் 250 மில்லிமீட்டர். மணலில் அது 25 முதல் 100 மில்லிமீட்டர்தான். ஆனால் மழை குறைந்த சீமையில் இந்தக் கணக்குக்கு இன்னொரு பக்கம் உண்டு.

25 மில்லிமீட்டர் மழை பெய்கிறது என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த கரிசலில் அது அரைச் சாண் ஆழம் நனைப்பதே பெரிது. வெடிப்பு வழியே இறங்குவது வேறு கணக்கு. நாலு நாள் வெயிலில் அந்த மேல் ஈரம் பறந்துவிடும். மணலில் அதே மழை ஓர் அடி வரை இறங்கும். மேலே காய்ந்த மூன்று அங்குல மணல், பானைக்கு மூடி போட்டது போல், கீழே உள்ள ஈரத்தை வெயில் இழுக்க விடாது. வறண்ட பூமியில் பனையும் உடையும் வேம்பும் மணலைத் தேடி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெருமழை என்றால் நிலைமை மாறும். கரிசல் குடித்து வைத்துக்கொண்டு தை வரை பயிரைக் காப்பாற்றும். மணல் கீழே விட்டுவிடும். போட்ட யூரியாவும் அந்தத் தண்ணீரோடு வேருக்குக் கீழே போய்விடும். அண்ணாச்சி ஒரே தடவையில் மூட்டையைக் கொட்டியிருந்தார். நிலம் கெட்டதல்ல, கரிசல் பழக்கத்தில் மணலை நடத்தியதுதான் தவறு.

கீதாரியின் கணக்கு

மாலையில் ஒரு கீதாரி ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார். வெள்ளை உடம்பில் செம்பொட்டுகள். வேம்பூர் ஆடுகள், 'பொட்டு ஆடு' என்றும் சொல்வார்கள். பிறந்த மண்ணான வேம்பூர் இதே விளாத்திகுளம் வட்டாரம்தான்.

"தை வரைக்கும் கரிசல் தாளு. அதுக்கப்புறம் அங்க என்ன இருக்கு? ஆத்துக்கரைக்குத்தான் வரணும். உடை நெத்து விழும், நிழல் இருக்கும். ஒரு கோடை மழை விழுந்தா கொழுக்கட்டைப் புல்லு மணல்லதான் முதல்ல தலை தூக்கும்."

கிடை போட்டால் உரம் நிற்குமா என்று கேட்டேன். "கரிசல்ல போட்ட கிடை மூணு வருசம் பேசும் தம்பி. மணல்ல ஒரு வெள்ளாமைதான். விதைப்புக்கு முன்னாடி போட்டாத்தான் உண்டு. சித்திரையில போட்டுட்டு ஐப்பசியில தேடக் கூடாது." மணலில் எருவின் சத்து சீக்கிரம் கரைந்து இறங்கிவிடும் என்பதை அவர் தன் வாழ்க்கையிலிருந்தே சொல்லிவிட்டார்.

விற்ற நிலம்

இரண்டு நிலம் தள்ளி ஒரு பள்ளத்தைக் காட்டினார் அண்ணாச்சி. சில ஆண்டுகளுக்கு முன் மணல் போன இடம். மழைக்குக் குட்டை, வெயிலுக்குப் பாளம், சுற்றிலும் வேலிக்கருவேல். பக்கத்து உறைகிணற்றில் தண்ணீர் கீழே இறங்கி, மேல் உறைகள் சும்மா நிற்கின்றன.

நீரில் ஊறிய ஒரு கன மீட்டர் ஆற்று மணலிலிருந்து சுமார் 200 லிட்டர் தண்ணீர் ஊறி வரும். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. மூன்று யூனிட் லாரி ஒன்று போனால், சுமார் 1,700 லிட்டர் பிடிக்கும் தொட்டி ஒன்று போகிறது. ஒவ்வொரு வெள்ளத்திலும் தானே நிறைந்திருக்கக்கூடிய தொட்டி. பட்டா நிலமானாலும் உரிய அனுமதி இல்லாமல் மணலை அள்ளி விற்பது சட்டப்படி குற்றம் என்பதையும் சொன்னேன்.

அண்ணாச்சி வெகு நேரம் பேசவில்லை. பிறகுதான், மகளின் நர்சிங் படிப்புக்கு அடுத்த மாதம் பணம் கட்ட வேண்டும் என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. மணலைப் பற்றி மட்டும் சொல்ல முடிந்தது.

* கம்மாய்க் கரம்பையை உரிய அனுமதி பெற்று அடித்து, மேல் மணலோடு கலக்கலாம். ஓர் ஏக்கரில் தொடங்கினால் போதும்.
* தழைச்சத்தை மூன்று நான்கு தடவையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். தண்ணீரும் அப்படித்தான்: கொஞ்சமாக, அடிக்கடி. சொட்டுநீர் இருந்தால் நல்லது.
* நிலக்கடலை, தட்டைப்பயறு, வெள்ளரி, சீனிக்கிழங்கு ஆகியவை இந்த மண்ணுக்கு ஏற்றவை. கடலை பிடுங்குவதும் எளிது.
* கோடையில் தரையை மொட்டையாக விடக் கூடாது. புல்லையும் சருகையும் எரித்தால் காற்று மணலைத் தூக்கிவிடும். வரப்பில் பனை விதை ஊன்றலாம்.

பஸ் ஏறும்போது அண்ணாச்சி சொன்னார்: "கூட்டுறவு வங்கியில நகையை வச்சிப் பார்க்கிறேன். நகையைத் திருப்பிடலாம்."

பத்து நாள் கழித்து ஒரு தபால் அட்டை வந்தது. இரண்டு ஏக்கரைக் கீதாரிக்கு மேய்ச்சலுக்கு விட்டுவிட்டாராம். விதைப்புக்கு முன் கிடை போடுவதாகப் பேச்சு. ஓர் ஏக்கருக்குக் கரம்பை கேட்டு மனு கொடுத்திருக்கிறார். மகளின் பணத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

ஆற்றோரத்தில் நிலம் வைத்திருக்கும் வாசகர்கள் நாலரை அடிக்கு ஒரு குழி தோண்டிப் பாருங்கள். எத்தனை அடுக்கு, எந்த ஆழத்தில் ஈரம், வேர் எங்கே திரும்புகிறது என்று குறித்து எழுதுங்கள். அடுத்த இதழ்களில் அவற்றைப் பற்றிப் பேசுவோம்.